கொழும்பில் எடுத்த முடிவு யாழ்ப்பாணத்துக்கு எப்போது போய்ச் சேரும்?

வணக்கம் ஐயா,

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் செயற்பாட்டுப் பணிப்பாளராக இருக்கிறேன். மொத்தம் அறுபது பேர். பாதிப் பேர் கிழமையில் இரண்டு மூன்று நாள் கொள்ளுப்பிட்டி கந்தோருக்கு வருவார்கள். மற்றவர்கள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சென்னையில் இருக்கிறார்கள். லண்டனிலும் மெல்பேர்ணிலும் இரண்டிரண்டு பேர். வேலைகள் பிந்துகின்றன. சூம் கூட்டத்தில் "எல்லாருக்கும் சரியா?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் யாழ்ப்பாணக் குழு வேறொன்றைச் செய்து வைத்திருக்கிறது. கேட்டால், "மாற்றினது எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்கிறார்கள். இப்போது பணிப்பாளர் சபை, எல்லாருடைய லப்டொப்பிலும் திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளைப் போடச் சொல்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லக் காரணமும் கையில் இல்லை. கண்ணால் பார்க்காத ஆட்களை எப்படி நடத்துவது? அடுத்த மாதம் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

அந்த மென்பொருளைப் போடாதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணக் குழு இரண்டு கிழமையும் சும்மா இருக்கவில்லை, வேறொன்றைச் செய்து முடித்திருக்கிறது. அந்த நாட்களில் திரையைப் படம் பிடித்திருந்தால் உங்களுக்குக் கிடைத்திருப்பது, தலை நிமிராமல் வேலை செய்யும் பிள்ளைகளின் படங்கள்தான். வேலை பிழைத்தது அவர்கள் திரையில் அல்ல, கொள்ளுப்பிட்டியில்.

கந்தோருக்கு வருகிறவர்களுக்கு ஒரு முடிவு எப்படித் தெரியவருகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். கூட்டம் முடிந்து லிப்டுக்குக் காத்து நிற்கும்போது, "அந்த லண்டன் ஆட்கள் ரிப்போர்ட்டை மாற்றச் சொல்லியிருக்கினம், முதலில் அதைப் பார்ப்போம்" என்று நீங்கள் ஒருவரிடம் சொல்கிறீர்கள். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அது இன்னும் நாலு பேருக்குத் தெரிகிறது. பின்னேரம் ஆகும்போது தளத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும், ஏன் மாறியது என்பதும் சேர்த்துத் தெரியும். யாருமே அதை எழுதவில்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்கள் பழைய பட்டியலைப் பார்த்துத் தொடர்ந்து வேலை செய்கிறார்கள். அவர்களைப் பார்க்க முடியவில்லை என்று சபை கவலைப்படுகிறது. உங்களைப் பார்க்க முடியாமல் அவர்கள் படும் பாடுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே, நாளையிலிருந்து நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் நீங்களே எழுத வேண்டும். உதவியாளர் எழுதக்கூடாது, கூட்டக் குறிப்பு என்று மூன்று பக்கமும் வேண்டாம். இவ்வளவு போதும்:

"லண்டன் வாடிக்கையாளரின் மாத அறிக்கையை முதலில் முடிக்கிறோம். தேடல் பக்கம் ஒரு மாதம் பிந்தும். காரணம்: அவர்களுடைய கணக்காய்வு முன்னுக்கு வந்துவிட்டது. தேடல் பக்கத்தில் யாழ்ப்பாணக் குழு இதுவரை செய்ததை அப்படியே சேமித்து வைக்கவும், அது வீண்போகாது. பொறுப்பு: மட்டக்களப்பு முகாமையாளர். மாற்றுக் கருத்து இருந்தால் வியாழன் பின்னேரத்துக்குள் இதன் கீழே எழுதவும்."

இதில் மிக முக்கியமானது "காரணம்" என்ற வரி. முடிவை மட்டும் சொன்னால், தூரத்தில் இருப்பவர் சொன்னதை மட்டும் செய்வார். காரணம் தெரிந்தவர், நீங்கள் தூங்கும் நேரத்தில் புதிதாக ஒரு சிக்கல் வந்தால் தானே சரியாக முடிவெடுப்பார். இதை வட்ஸ்அப்பில் போடாதீர்கள். பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் கட்டைவிரல்களுக்கும் நடுவில் அது அரை நாளில் புதைந்துவிடும். எல்லாரும் தேடி எடுக்கக்கூடிய ஓரிடம் வேண்டும். அலுவலகக் கட்டடமே இல்லாமல் பல நாடுகளில் ஆள் வைத்து இயங்கும் கிட்லாப் நிறுவனம், தன் நடைமுறைக் கைநூலை இணையத்தில் யாரும் படிக்கும்படி திறந்தே வைத்திருக்கிறது. அந்தப் பருமன் உங்களுக்குத் தேவையில்லை, பழக்கம்தான் தேவை. மேலே இருப்பவர் எழுதினால் கீழே எழுதுவார்கள். நீங்கள் லிப்டடியில் சொல்லிவிட்டுப் போனால் அவர்களும் அதையேதான் செய்வார்கள்.

இனிக் கூட்டம். கொள்ளுப்பிட்டியில் எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி, நடுவில் ஒரு ஸ்பீக்கர், சுவரில் மற்றவர்களின் சின்ன முகங்கள். இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். மேசையில் யாரோ சிங்களத்தில் ஒரு பகிடி விடுவார், எட்டுப் பேரும் சிரிப்பார்கள். சென்னைக்காரருக்கு அது புரியாது, மட்டக்களப்பில் இருப்பவருக்குச் சரியாகக் கேட்காது. அதன் பிறகு அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவர் இணையத்தில் சேர்ந்தாலும் எல்லாரும் அவரவர் கதிரையில், அவரவர் ஹெட்போனில் சேர வேண்டும் என்று விதி வையுங்கள். ஒரே தளத்தில் இருந்துகொண்டு இது எதற்கு என்று முணுமுணுப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

"எல்லாருக்கும் சரியா?" என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள். வாத்தியாரை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளிடம் அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக, கூட்டத்துக்கு முதல் நாளே திட்டத்தை அனுப்பி, "இதில் எங்கே பிழை வரும் என்று நினைக்கிறீர்கள்? ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள்" என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் ஒரு பிள்ளை எழுத்தில் எவ்வளவு கூர்மையாக யோசிக்கிறது என்று அப்போது தெரியும். தமிழில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்க இப்போது வசதி இருக்கிறது. கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். பணிப்பாளர் முதலில் வாய் திறந்தால் அத்தோடு கதை முடிந்தது.

நேரத்தையும் கொழும்புக் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டாம். ஜூலையில் லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 1.30, மெல்பேர்ணில் மாலை 6. ஜனவரியில் அதே லண்டன் 9 மணி நமக்கு 2.30, மெல்பேர்ணில் இரவு 8. நடுவில் இருக்கும் நமக்கு எப்போதும் வசதி, அதனால் மெல்பேர்ண்காரர் பிள்ளையைத் தூங்க வைக்கும் நேரத்தில் கூட்டத்தில் இருப்பது நம் கண்ணில் படுவதே இல்லை. ஒரு மாதம் அவர்கள் கஷ்டப்பட்டால் அடுத்த மாதம் நீங்கள் விடியக்காலை எழும்புங்கள். சென்னைக்கு நம் போயா (பௌர்ணமி) லீவு தெரியாது, நமக்கு ஆயுத பூசைக்கு லீவு இல்லை. எல்லா ஊர் விடுமுறைகளையும் ஒரே நாட்காட்டியில் போட்டுவிடுங்கள்.

சபையில் யாராவது, வீட்டில் இருந்தால் வேலை நடக்காது என்று சொன்னால், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் புளூம் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். சீனாவின் சீட்ரிப் பயண நிறுவனத்தில், கோல் சென்டர் ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். அவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. அங்கே எண்ணிப் பார்க்கக்கூடிய வேலை, உங்களுடையது அப்படியல்ல, ஆகவே அந்த எண்ணை அப்படியே நம் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்: அதே அளவு திறமையாக வேலை செய்தும், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. உங்கள் நிறுவனத்தில் கடைசியாகப் பதவி உயர்வு பெற்றவர்களின் பட்டியலை எடுத்து, பெயருக்குப் பக்கத்தில் ஊரை எழுதிப் பாருங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஒரு காலத்தில் இந்த மாதிரி வேலை வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை வெள்ளவத்தையில் அறை எடுத்து, சம்பளத்தில் பாதியை வாடகைக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் கொடுத்து, அம்மாவுக்கு வருத்தம் என்றால் இரவு பஸ் ஏறி ஓட வேண்டும். இன்று ஊரில் இருந்தபடியே அதே வேலையைச் செய்ய முடிகிறது. அது சரியாக நடத்தத் தெரியாததால் கெட்டுப்போகக் கூடாது.

ஆட்களோடு கதைப்பது பற்றி: அறுபது பேரையும் நீங்கள் தனித்தனியாக நடத்த முடியாது, உங்களுக்குக் கீழே உள்ள ஐந்தாறு முகாமையாளர்களைத்தான் நடத்துகிறீர்கள். கிழமைக்கு அரை மணி நேரம் ஒவ்வொருவரோடும் தனியாகக் கதையுங்கள். வேலை எதுவரை வந்தது என்று அதில் கேட்க வேண்டாம், அது எழுத்தில் வரட்டும். எது தடையாக இருக்கிறது, யார் சோர்ந்து போயிருக்கிறார், நீங்கள் செய்ததில் எது விளங்கவில்லை என்று கேளுங்கள். எவ்வளவு அவசரம் வந்தாலும் அந்த அரை மணியை ரத்துச் செய்யாதீர்கள்.

கந்தோர் ஆட்களும் இந்தப் பழக்கங்களால் நன்மை அடைவார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். அப்போது வேலை அறுந்துபோகாமல் தாக்குப்பிடித்த குழுக்களில், கரண்ட் போகுமுன் விட்ட இடத்தை எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. வெளிச்சம் உள்ள ஊரில் இருந்தவர் அதிலிருந்து தொடர்ந்தார்.

வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லாரும் நேரில் கூட வேண்டும், எப்போதும் கொழும்பில் அல்ல. அதற்கு முன், நீங்கள் ஒரு கிழமை யாழ்ப்பாணத்தில் போய் இருந்து வேலை செய்யுங்கள். மேற்பார்வைக்கு வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், கொள்ளுப்பிட்டியில் நடக்கும் கூட்டங்களில் அங்கிருந்து சேருங்கள். உங்கள் சக அதிகாரிகள் பேசுவது எவ்வளவு கேட்கிறது, எத்தனை தடவை உங்களை மறந்துவிட்டுக் கதைக்கிறார்கள் என்று தெரியும்.

சபைக்கு என்ன கொண்டுபோவது? சமீபத்தில் பிந்திய வேலைகளில் பத்தை எடுங்கள். ஒவ்வொன்றும் எந்தெந்த நாட்களில் எதற்காக நின்றது என்று ஒரே தாளில் எழுதுங்கள்: பதிலுக்குக் காத்திருந்ததா, முடிவுக்குக் காத்திருந்ததா, பிழையாக விளங்கித் திருப்பிச் செய்யப்பட்டதா, அல்லது உண்மையிலேயே யாரும் கை வைக்கவில்லையா. கடைசி வகையில் ஒருவர் திரும்பத் திரும்ப வந்தால் அவருடைய முகாமையாளர் அவரோடு கதைக்க வேண்டும், அதற்கு எல்லாருடைய திரையையும் படம் பிடிக்கத் தேவையில்லை. பெரும்பாலான நாட்கள் முதல் மூன்றில்தான் விழும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அந்தத் தாளை வைத்து மூன்று மாத அவகாசம் கேளுங்கள், மூன்று மாதம் கழித்து அதே கணக்கை மறுபடி எடுத்துக் காட்டுங்கள். ஆட்களின் பெயர்களை நீக்கிவிட்டு எனக்கும் அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.