கிரேக்க ஆதி தெய்வங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உலகம் குழப்பத்திலிருந்து பிறந்தது என்று கிரேக்கர்கள் கருதியது ஏன்?

பதில்: பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் அவ்வாறு சொல்லவில்லை. இதைப் பலமுறை எழுதியும் 'ஆதிக் குழப்பம்' என்ற மொழிபெயர்ப்பு ஓயாமல் திரும்பி வருவது எனக்கு வருத்தமே. அப்படி மொழிபெயர்க்கப்படும் கேயாஸ் என்ற பெயர் வாய் பிளத்தல், கொட்டாவி விடுதல் ஆகியவற்றைக் குறிக்கும் வினைச்சொல்லோடு உறவுடையது. கி.மு. 700 வாக்கில் அவர் இயற்றிய, தெய்வங்களின் பிறப்பைப் பாடும் 'தியோகனி'யில் அது பிளந்து கிடக்கும் பாழ்வெளி. அதுவும் என்றென்றும் இருந்ததன்று, முதலில் 'உண்டானது' என்றே கவிஞர் கூறுகிறார். ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கும் பொருட்குவியல் என்ற சித்திரத்தை நிலைநாட்டியவர், ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழித்து லத்தீனில் எழுதிய ஓவிட். இந்த வேறுபாடு சிறிதன்று. குழப்பம் என்று கொண்டால் படைப்பு என்பது ஒழுங்குபடுத்தும் வேலையாகிவிடும். வெளி என்று கொண்டால்தான், பிள்ளைகளை வெளிவர விடாமல் மண்ணாகிய கையாவின் வயிற்றுக்குள்ளேயே வானாகிய ஊரானோஸ் அடைத்துவைப்பதும், மகன் குரோனோஸின் அரிவாள் அவனை வெட்டி விலக்குவதும் ஏன் கதையின் மையமாக நிற்கின்றன என்பது விளங்கும். இடைவெளி இல்லாத இடத்தில் எதுவும் பிறந்து வளர முடியாது என்பதே அங்குள்ள குறியீடு என்பது என் வாசிப்பு.

கேள்வி: குரோனோஸ் காலத்தின் கடவுள்தானே?

பதில்: அல்லர். டைட்டன் என்னும் மூத்த தெய்வ இனத்தவரான குரோனோஸின் பெயர் கிரேக்கத்தில் 'கப்பா' எழுத்திலும், காலத்தைக் குறிக்கும் சொல் 'கி' எழுத்திலும் தொடங்குகின்றன. தமிழில் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுவதால் மயக்கம் கூடுகிறது. இருவரையும் ஒன்றாக்கும் விளக்கம் பழங்காலத்திலேயே இருந்தது, ஆனால் அது ஹெசியோடுக்குப் பிந்தியது. அரிவாள் அறுவடைக் கருவி. ஏதென்ஸில் அவருக்கு எடுக்கப்பட்ட குரோனியா விழாவும் அறுவடையை ஒட்டியதே.

கேள்வி: ஈரோஸ் அப்ரோதித்தியின் மகன் என்று படித்திருக்கிறேனே?

பதில்: காம தெய்வமான ஈரோஸ், காதல் தேவி அப்ரோதித்திக்குப் பிற்கால மரபில் மகன். 'தியோகனி'யில் அவளுக்கு முன்பே தோன்றி, அவள் பிறந்ததும் உடன் செல்பவன்.

கேள்வி: நிக்ஸ் தீமையின் சின்னமா?

பதில்: இரவாகிய நிக்ஸ், இருளாகிய எரெபோஸோடு கூடிப் பகலையும் ஒளிமிக்க மேல்வானத்தையும் பெற்றவள், தனித்துச் சாவையும் உறக்கத்தையும் பெற்றவள். இருளிலிருந்தே ஒளி பிறக்கிறது என்னும் வரிசையைத் தீமை என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க இயலாது. ஹோமரின் 'இலியட்' காவியத்தின் 14-ஆம் பாடலில் தெய்வங்களின் அரசர் சீயஸே அவளுக்கு மனக்குறை உண்டாக்க அஞ்சிப் பின்வாங்குகிறார்.

கேள்வி: உலகம் முட்டையிலிருந்து வந்தது என்று எங்கோ பார்த்தேன். சரியா?

பதில்: 'எங்கோ' என்று எழுதினால் எதைச் சரிபார்ப்பது? எந்த நூல், எந்த நூற்றாண்டு என்ற இரண்டையும் குறிக்காமல் கிரேக்கப் புராணம் பற்றிக் கேட்க வேண்டாம் என்று மீண்டும் வேண்டுகிறேன். நீங்கள் பார்த்தது கி.மு. 414-இல் மேடையேறிய அரிஸ்டோபனஸின் 'பறவைகள்' நாடகமாக இருக்கலாம்: அதில் இரவு இடும் முட்டையிலிருந்து பொற்சிறகுடைய ஈரோஸ் வெளிப்படுகிறான். புராணப் பாடகர் ஆர்ஃபியூஸின் பெயரால் வழங்கும் ஆர்ஃபிய மரபிலும் முட்டை உண்டு. ஹெசியோடிடம் இல்லை.

கேள்வி: டார்டரோஸ் எவ்வளவு ஆழம்?

பதில்: ஹெசியோடின்படி, வானிலிருந்து விழும் வெண்கலப் பட்டடைக்கல் 9 நாள் விழுந்து பத்தாம் நாள் மண்ணைத் தொடும், மண்ணிலிருந்து பாதாளமாகிய டார்டரோஸை அடைய இன்னும் அத்தனை நாள். வானம் எவ்வளவு உயரமோ டார்டரோஸ் அவ்வளவு ஆழம் என்பதே அதன் பொருள். அதைக் கிலோமீட்டராக மாற்ற முற்பட வேண்டாம்.