எலும்புக்கு வந்த பிறகு கதிர்வீச்சு எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து நன்றாகத்தான் இருந்தார். இப்போது ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம்) ஏறுகிறது, ஸ்கேனில் இடுப்பெலும்பில் இரண்டு புள்ளிகள். அங்கே மட்டும் கதிர்வீச்சு தரலாம் என்கிறார் டாக்டர். இனி என்ன பயன் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.
- வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: பயன் இருக்கிறதம்மா. பரவிவிட்டாலே எல்லாம் முடிந்தது என்பது பழைய எண்ணம். மூன்று, மிஞ்சினால் ஐந்து இடங்களோடு நோய் நின்றிருந்தால் அதைத் தனி வகையாகவே பார்க்கிறார்கள், எஸ்.பி.ஆர்.டி. என்ற துல்லியக் கதிர்வீச்சு முறையில் அந்தப் புள்ளிகளைக் குறிவைத்து, பெரும்பாலும் ஐந்து தடவைக்குள், அதிக அளவுக் கதிரைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். 2020-ல் வெளியான ஒரியோல் ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 19 சதவீதம் பேருக்குத்தான் ஆறு மாதத்துக்குள் நோய் முன்னேறியது, வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களில் 61 சதவீதம். ஆனால் அது 54 பேர் கொண்ட சின்ன ஆய்வு, ஆயுள் கூடும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சோர்வும், அந்த இடத்தில் கொஞ்ச நாள் வலியும் வரலாம். எடுத்தது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன்தானா (புராஸ்டேட் புற்றுநோய் பரவிய சின்னச் சின்ன இடங்களையும் காட்டும் ஸ்கேன் இது), ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசியும் சேர்த்துப் போட வேண்டுமா, இந்த இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள். சந்தேகம் தீரவில்லையா, பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.