கோட்டு வாங்குமுன் உள்ளே இருப்பதைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: அலுவலக வேலையாக மிலான் வந்திருக்கிறேன். ஊர் திரும்புமுன் ஒரு நல்ல சூட் வாங்க ஆசை. கடையில் இரண்டு கருநீல சூட் காட்டினார்கள். இரண்டிலும் ‘சூப்பர் 150’ என்றும், இத்தாலியில் தயாரானது என்றும் இருக்கிறது. ஒன்றின் விலை மற்றதைப் போல நான்கு மடங்கு! அந்தக் காசுக்கு உண்மையிலேயே வேலைப்பாடு இருக்கிறதா, வெறும் பெயருக்கா?

பதில்: முதலில் அந்த 150-ஐ ஒதுக்கிவையுங்கள். கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்று காட்டும் எண் அது. தையலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சூப்பர் 100 என்றால் இழையின் தடிமன் 18.75 மைக்ரானைத் தாண்டக்கூடாது. 150 என்றால் 16.25. இழை மெலிய மெலியத் துணி மிருதுவாகும், கூடவே சீக்கிரம் கசங்கும், தேயும். அடிக்கடி உடுத்துகிறவருக்கு 110, 120 போதும் என்பேன். உள்ளே தைத்திருக்கும் ஆலை லேபிளையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். இத்தாலியின் பியெல்லா வட்டாரத்தில் 1663 முதல் இயங்கிவரும் விதாலே பார்பெரிஸ் கனோனிகோ ஆலையின் துணியை வாங்கி உலகில் எந்த டெய்லரும் தைக்கலாம்.

விலை வித்தியாசத்துக்கான காரணம் வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே இருக்கிறது. கோட்டின் முன்பக்கம் தொய்யாமல் நிற்க உள்ளே ஒரு தாங்குதுணி வேண்டும். மலிவான கோட்டில் அதைப் பசை போட்டுச் சூடாக அழுத்தி ஒட்டிவிடுவார்கள். நம் டெய்லர்கள் ஃபியூசிங் என்பது இதைத்தான். நல்ல கோட்டில் கம்பளியும் குதிரைமுடியும் கலந்து நெய்த கேன்வாஸை ஒட்டாமல், தளர்வான தையலால் மட்டும் பிடித்துவைப்பார்கள். போடப்போட உடம்புச் சூட்டில் அது உங்கள் மார்பின் வளைவுக்குப் படியும். ஒட்டிய கோட்டில் நாளடைவில், அதுவும் பலமுறை டிரை கிளீனிங் போனபின், பசை விட்டு மார்பில் கொப்புளம் கொப்புளமாகத் துணி எழும்பலாம். அதற்கு வைத்தியம் கிடையாது.

கடையிலேயே சோதிக்கலாம். கடைசி பட்டன் காஜாவுக்குப் பக்கத்தில் வெளித்துணியை ஒரு கையாலும் உள்பக்கத் துணியை மறு கையாலும் பிடித்து மெல்லப் பிரியுங்கள். நடுவே மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவுவது விரலுக்குத் தெரிந்தால் அது முழுக் கேன்வாஸ். கீழே இல்லாமல் மார்பில் மட்டும் தெரிந்தால் பாதிக் கேன்வாஸ். மோசமில்லை, நடுத்தர விலையில் நான் சொல்வதும் அதைத்தான். எங்குமே நழுவாமல் வெளித்துணி விறைப்பாக இருந்தால் ஒட்டியது.

அப்புறம் லேப்பலை, அதாவது காலருக்குக் கீழே மார்பில் மடிந்து கிடக்கும் பட்டையை, திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிகிறதா? கைத்தையல்காரர் லேப்பலை விரல்மேல் வளைத்துப் பிடித்தபடியே கேன்வாஸைத் தைப்பார். ஒவ்வொரு தையலிலும் வெளித்துணியின் ஓரிரு இழையை மட்டும் ஊசி கவ்வும். வளைத்தபடி தைத்ததால் வளைவு உள்ளேயே தங்கிவிடும். பட்டன் போட்டதும் லேப்பல் தட்டையாக மடியாமல் உருண்டு இறங்கும். இதற்கு மெஷினும் உண்டு, புள்ளிகளும் விழும், ஆனால் அவை அச்சடித்ததுபோல் ஒரே சீராக இருக்கும்.

கோட்டின் கையைத் தோளோடு சேர்க்கும் இணைப்பைக் கடைசியாகச் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்த வேலை அது. 1930-களில் நேப்பிள்ஸில் ருபினாச்சியின் தையல் கடையில் விஞ்சென்சோ அத்தோலினி என்ற கட்டிங் மாஸ்டர், கனத்த சோல்டர் பேடை எடுத்துவிட்டுச் சட்டைபோல் இலகுவான கோட்டு வெட்டினார். அந்த வழியில் ஆர்ம்ஹோல், அதாவது கையைப் பொருத்தும் வட்டம், சின்னதாக, அக்குளுக்கு நெருக்கமாக இருக்கும். அதைவிடப் பெரிய சுற்றளவுள்ள கையை அந்தச் சின்ன வட்டத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி ஏற்றுகிறார்கள். சில கோட்டுகளில் தோளில் மெல்லிய சுருக்கங்கள் தெரியும். அது குறை அல்ல. கோட்டைப் போட்டுக்கொண்டு மேல்தட்டில் எதையோ எடுப்பதுபோல் கையைத் தூக்குங்கள். கோட்டின் உடல்பகுதி கூடவே ஏறாமல் இடத்திலேயே நின்றால் நல்ல வெட்டு.

இந்தக் கைவேலைக்கு ஆள் உருவாக வருடக்கணக்கில் ஆகும். அதனால்தான் ரோமின் பிரியோனி நிறுவனம் 1985-இல் பென்னே என்ற ஊரில் தையல் பள்ளியே தொடங்கியது. உங்கள் நான்கு மடங்கில் ஒரு பங்கு இந்தக் கைகளுக்குப் போகிறது, இன்னொரு பங்கு கடையின் பெயருக்கும் வாடகைக்கும். மூன்று சோதனையிலும் தேறினால் தாராளமாக வாங்குங்கள். இரண்டு கோட்டும் ஒரேமாதிரி இருந்தால் விலை குறைந்ததே போதும்.

ஒன்று மட்டும் கவனம். இடுப்பைப் பிடிக்கலாம், கால் நீளத்தைக் குறைக்கலாம். தோள் பொருந்தாவிட்டால் எந்த டெய்லராலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது. கையின் நுனியில் பட்டன்களுக்கு நிஜமாகவே காஜா வெட்டியிருந்தால், நீளத்தைக் கீழே குறைக்கவும் வழியில்லை. கையைப் பிரித்துத் தோளிலிருந்து குறைக்க வேண்டும். செலவும் அதிகம், அந்த அழகான கை இணைப்பும் கெடலாம். காஜா வெட்டாத கோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். நீளம் பார்த்த பிறகு அவர்களையே வெட்டித் தரச் சொல்லலாம்.