1917 லண்டன் சவரன்: காசைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

லண்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “1917ஆம் ஆண்டுச் சவரன் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ரொம்ப அரிய காசு என்று சொல்லித் தங்க விலையைப் போல ஆறு மடங்கு கேட்கிறார்கள். நம்பி வாங்கலாமா?”

இங்கே சவரன் என்பது எடைக் கணக்கு இல்லை, பிரிட்டிஷ் தங்கக் காசு. 1917 அதற்கு அரிய ஆண்டுதான், ஆனால் லண்டனில் அடித்த காசுக்கு மட்டும். அதே ஆண்டில் சிட்னியிலும் மெல்போர்னிலும் பெர்த்திலும் அடித்த சவரன்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, தங்க விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் போதும். அதனால் முதல் வேலையாக நல்ல லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு காசைத் திருப்புங்கள். புனித ஜார்ஜ் குதிரைமேல் இருக்கும் படத்தில், குளம்புகளுக்குக் கீழே தரை மாதிரி ஒரு பட்டை ஓடும், அதன் நடுவில், ஆண்டு எண்ணுக்கு நேர் மேலே, எஸ், எம், பி என்று பொடி எழுத்து இருந்தால் ஆஸ்திரேலியா, சி என்றால் கனடாவின் ஒட்டாவா. எழுத்தே இல்லையென்றால்தான் லண்டன். மோசடியும் இந்த இடத்தில்தான் நடக்கிறது, எழுத்தைச் சுரண்டிவிட்டு லண்டன் காசு என்று விற்றுவிடுகிறார்கள். அந்த இடம் மட்டும் மழமழவென்றோ லேசாகப் பள்ளம் விழுந்தோ கீறலோடோ தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எடை சரியாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. சவரன் 7.98 கிராம், 22 கேரட், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். சரியான தங்கத்திலேயே அடித்த போலிகள் நிறைய உண்டு, அவற்றைத் தராசு காட்டிக்கொடுக்காது. காசின் முன்பக்கத்தில் இருக்கும் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் தாடி இழைகள், எழுத்துகளின் ஓரங்கள் எல்லாம் கூர்மையாக இருக்கின்றனவா, கொழகொழவென்று இருக்கின்றனவா என்று அதே மன்னரின் சாதாரணச் சவரன் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அரிது என்பதை எத்தனை அடித்தார்கள் என்பதை வைத்துக் கணக்கிட முடியாது, எத்தனை மிஞ்சின என்பதுதான் கேள்வி. 1917இல் லண்டனில் பத்து லட்சத்துக்கும் மேல் அடித்ததாகக் கணக்கு இருக்கிறது, பெரும்பகுதி போர்ச் செலவுக்காக அமெரிக்கா போய் உருக்கப்பட்டதாகச் சொல்வார்கள். 1819இல் அடித்ததே 3,574தான், அது வேறு வகை அரிது. 1257இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி வெளியிட்ட தங்கப் பென்னி இன்னும் மேலே: குறித்த மதிப்பைவிடத் தங்கத்தின் விலை கூடியதால் உருகிப்போய், இன்று ஏறக்குறைய எட்டுதான் தெரிந்திருக்கின்றன. இங்கிலாந்தின் டெவனில் ஒரு வயலில் கிடைத்த ஒன்று 2022இல் 6,48,000 பவுண்டுக்குப் போனது.

சரி, உங்கள் காசுக்கு வருவோம். காசுகளைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்களான என்.ஜி.சி. அல்லது பி.சி.ஜி.எஸ். சான்றோடு பெட்டியில் அடைத்துத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால், அங்கே போலி என்று வந்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். உண்மையான லண்டன் காசை வைத்திருப்பவர் இதற்குத் தயங்க மாட்டார். மறுத்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பணத்துக்கு மூன்றாம் ஜார்ஜ் காலத்துக் கினி, அதாவது மண்வெட்டி வடிவக் கேடயம் போட்ட பழைய பிரிட்டிஷ் தங்கக் காசு, 1787க்கும் 1799க்கும் நடுவில் அடித்தது, நல்ல நிலையிலேயே கிடைக்கும், கையில் மீதியும் இருக்கும்.