மின்புலப் படம் வரையும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

உப்புவெளியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் உயர்தரம் கணிதப் பிரிவு. இரவானால் கணினியில் நீலமும் சிவப்புமாக வட்டம் வட்டமாய் ஏதோ வரைகிறாள். கேட்டால் “கடத்தியைச் சுற்றியிருக்கிற மின்புலம்” என்கிறாள்; அதாவது மின்னேற்றிய உலோகத்தைச் சுற்றி மின்விசை பரவியிருக்கிற வெளி. இது படிப்பா விளையாட்டா என்பது உங்கள் கேள்வி. இதைப் படிப்பிக்க ஒருவர் பெருந்தொகை கேட்கிறார், கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கட்ட வேண்டாம். அவள் பாவிக்கிற ‘ஃபெம்’ மின்புலத்தைக் கணித்துப் படமாகக் காட்டுகிற இலவச மென்பொருள், டேவிட் மீக்கர் என்பவர் உருவாக்கியது. கையேடும் இலவசமாகவே கிடைக்கிறது. உயர்தரம் முடிக்காத பிள்ளைக்கு அந்த வகுப்புச் சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தரப்போவதில்லை.

படிப்பா என்றால், படிப்புத்தான். கடத்திக்குள்ளே மின்புலம் பூச்சியம், மேற்பரப்பு முழுக்க ஒரே மின்னழுத்தம், கூரான இடத்தில் புலம் கூடும் என்று பௌதிகவியலில் மனப்பாடம் பண்ணுகிறதை அவள் கண்ணால் பார்க்கிறாள். ஆனால் ஒரு ஆபத்து உண்டு. பிழையான கணக்குக்கும் இந்த மென்பொருள் அழகான படம்தான் தரும்.

அதனால் அவளுக்கு ஒரு சோதனை வையுங்கள். 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள தனிக் கோளம், அழுத்தம் 1000 வோல்ற்று. மேற்பரப்பில் புலம் எவ்வளவு? கையால் செய்தால் அழுத்தத்தை ஆரையால் வகுக்க வேண்டும், மீற்றருக்கு 10,000 வோல்ற்று. இப்போது அதையே கணினியில் செய்யச் சொல்லுங்கள். மென்பொருளுக்கு வெளி எல்லை ஒன்று வேண்டும். மையத்திலிருந்து 50 சென்ரிமீற்றரில் வட்டம் போட்டு, அங்கே அழுத்தம் பூச்சியம் என்று கொடுத்தால் விடை ஏறத்தாழ 12,500 என்று வரும். 25 சதவீதம் கூட! மென்பொருள் பிழை விடவில்லை. தனிக் கோளம் என்று அவள் நினைத்ததை அது பூமியோடு இணைத்த கோள ஓட்டுக்குள் இருக்கிற கோளம் என்று எடுத்துக்கொண்டது. எல்லையைத் தூரத் தள்ளத் தள்ள விடை 10,000-ஐ நெருங்கும். ஏன் என்று ஒருமைய கோளச் சூத்திரத்தை (ஒரே மையத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கிற இரண்டு கோளங்களுக்கான சூத்திரம்) வைத்து விளக்கினாளா? அப்படியென்றால் பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டிருக்கிறது. நிறத்தை மட்டும் காட்டி “வடிவா இருக்குத்தானே அம்மா” என்றால், இன்னும் கொஞ்சம் போக வேண்டும்.

சரி, வேலை? ‘மின்புலப் படம் வரைபவர் தேவை’ என்று திருகோணமலையில் விளம்பரம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். இது மின் பொறியியலாளர் கையில் இருக்கிற ஓர் ஆயுதம், தனித் தொழில் அல்ல. காற்று சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ற்றில் உடைந்து தீப்பொறி பாயும். உயரழுத்தக் கம்பியைத் தாங்குகிற, மின்னைக் கடத்தாத காவலியின் நுனியில் புலம் எங்கே குவிகிறது, அதைத் தணிக்க வளையம் எந்த அளவில் போடுவது என்று முன்கூட்டியே கணித்தாக வேண்டும். கடலோர ஊர்களில் காவலிமேல் உப்புப் படிவதும் சேர்ந்தால் இன்னும் சிக்கல். கேபிள், தொடுதிரை, உணரிகள் செய்கிற இடங்களிலும் இந்தக் கணக்கு உண்டு. அங்கே கொம்சோல், அன்சிஸ் போன்ற விலைகூடிய மென்பொருள்கள் ஓடும். ஃபெம்மில் அடிப்படை பிடிபட்டவளுக்கு அவற்றைப் பழகுவது பெரிய பாடில்லை.

வழி பொறியியல் பீடம்தான், நான்கு வருடம். மொறட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பீடம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன. அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு, திருகோணமலை பின்தங்கிய மாவட்டப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனாலும் அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலிருந்தும்தான் வருகிறது. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், இரசாயனவியலில் இரண்டு தவணையாகக் குறைந்த புள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உண்மையான கவலை அதுதான், அம்மா. பொறியியல் கிடைக்காவிட்டால் பௌதிகவியலோடு விஞ்ஞானப் பட்டம் படித்தும் இந்தப் பக்கம் வரலாம், ஆனால் அதற்கும் புள்ளி வேண்டும்.

கணினியைப் பறிக்க வேண்டாம். சனி இரவு அவளுக்கு, மற்ற இரவுகள் பாடத்துக்கு என்று பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்த மென்பொருள் வகுப்புக்கு ஒதுக்கிய காசில் நல்ல இரசாயனவியல் ரியூசன் ஒன்று பாருங்கள். அடுத்த தவணைப் பெறுபேறு வந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தக் கோளக் கணக்கையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.