கப்பா, கிராமா? அளவுக் கேள்விகளுக்குப் பதில்

அக்கா, ஒரு கப் மைதா எத்தனை கிராம்? ஒருவர் 120 என்கிறார், இன்னொருவர் 150 என்கிறார். ஒரே குறிப்பில் செய்த கேக் எனக்கு ஒரு தடவை பஞ்சு, மறு தடவை கல்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் மா. 240 மில்லி கப்பில் மாவைக் கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டு, கத்தியால் தலைதட்டினால் 120 முதல் 125 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி மொண்டால் 150 வரை போகும். இரண்டு கப் போடும் கேக்கில் 50, 60 கிராம் மாவு கூடிவிடும், கல்லாகத்தான் ஆகும். கப் மாவை மட்டும் அளப்பதில்லை, மாவுக்கு நடுவே உள்ள காற்றையும் சேர்த்தே அளக்கிறது. குறிப்பில் கிராம் இல்லை என்றால் நான் 120 என்றே வைத்துக்கொள்வேன்.

சர்க்கரை, வெண்ணெய், எண்ணெய்?

அதே கப்புக்கு சர்க்கரை 200, பொடித்த சர்க்கரை 120, வெண்ணெய் 225, எண்ணெய் 220, தேன் 340 கிராம். மில்லியும் கிராமும் ஒன்றாக இருப்பது தண்ணீருக்குத்தான். எண்ணெய் லிட்டருக்கு ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும்.

ரைஸ் குக்கரோடு வந்த கப்பில் அளக்கலாமா மேடம்?

சாதத்துக்கு அளக்கலாம். கேக்குக்கு வேண்டாம். அது ஜப்பானில் அரிசி அளக்கும் 'கோ' என்ற அளவு, 180 மில்லி. பச்சரிசி சுமார் 150 கிராம் பிடிக்கும். 240 மில்லி என்று நினைத்து அளந்தால் கால் பங்கு குறைந்துபோகும்.

அதிரசப் பாகு சரியாக வந்தும் மாவு சில சமயம் இளகிவிடுகிறது. கப் கணக்கில்தான் செய்கிறேன்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். வெல்லத்தைக் கப்பில் அளப்பதைத் தயவுசெய்து விடுங்கள். கட்டியாக உடைத்துப் போட்டால் இடையில் பாதி வெற்றிடம், தூளாக்கி அமுக்கினால் நெருங்கி உட்காரும். ஒரே கப், ஆனால் இனிப்பு வேறு, பாகின் அளவு வேறு. மாவும் அப்படித்தான். ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்த மாவில் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்பது அன்றைய வெயிலையும் காற்றையும் பொறுத்தது, அதனால் ஈரமாவை எடை போட்டும் பயனில்லை. அரிசியை ஊறப்போடும் முன்பே எடை போடுங்கள், வெல்லத்தையும் எடை போடுங்கள். நன்றாக வந்த நாளின் இரண்டு எண்களையும் அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

பாட்டியின் குறிப்பு முழுக்க ஆழாக்குக் கணக்கு. எப்படி மாற்றுவது?

எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறியது. பாட்டியின் ஆழாக்கு வீட்டில் இருந்தால் தராசில் வைத்து, எண்ணை பூஜ்யமாக்கி, தண்ணீரால் நிரப்புங்கள். காட்டும் கிராம்தான் அதன் மில்லி. பிறகு அதிலேயே அரிசியை ஒரு தடவை, பருப்பை ஒரு தடவை தலைதட்டி எடை போட்டுக் குறித்துக்கொண்டால் குறிப்பு முழுவதும் கிராமுக்கு வந்துவிடும். அந்த ஆழாக்கைப் பழைய சாமானோடு போட்டுவிடாதீர்கள்!

இட்லிக்கு நாலுக்கு ஒன்று. இதையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஒரே டம்ளரில் அளக்கும்வரை விகிதம் மாறாது.

ஈஸ்ட்டைத் தராசில் வைத்தால் எண்ணே நகரவில்லை.

வீட்டுத் தராசுகள் பலவும் ஓரிரு கிராமை நம்பகமாகக் காட்டாது. அங்கே ஸ்பூனே மேல். தலைதட்டிய 5 மில்லி டீஸ்பூனில் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், தூள் உப்பு 6 கிராம். கல் உப்பு அதைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும்.