மலை இறக்கத்தில் பெரிய பைக்: டயர் காற்றைக் குறைக்கலாமா?

கேள்வி: தரகர் ஒருவர் மூலம் 400 சிசி ஜப்பான் பைக் வாங்கி மூன்று மாதமாகிறது. எடை 190 கிலோவுக்கு மேல். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது வளைவுகளில் ஹேண்டில் முதலில் இறுக்கமாக நிற்கிறது, பிறகு சட்டென்று உள்பக்கம் விழுகிறது. டயர் கடையில் முன்னும் பின்னும் 28 பிஎஸ்ஐ அடித்துவிட்டார்கள். செயின் கவர் ஸ்டிக்கரில் முன் 225, பின் 250 என்று இருக்கிறது. மழைக்கும் உயரத்துக்கும் காற்றைக் குறைத்தே வைக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. ஸ்டிக்கரில் இருப்பது கிலோபாஸ்கல் கணக்கு. பிஎஸ்ஐ கணக்கில் முன் டயருக்கு 33, பின் டயருக்கு 36. கடைக்காரர் நாள் முழுக்க 100, 125 சிசி பைக்குகளுக்கு அடிக்கிற பழக்கத்தில் உங்களுக்கும் 28 அடித்திருக்கிறார். முன்னால் 5, பின்னால் 8 குறைகிறது.

பைக் வளைவது சாய்ந்துதான். சாய்வதற்கு டயரின் உருண்டை வடிவம் கெடாமல் இருக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரமெல்லாம் முன் சக்கரத்தில் வந்து இறங்கும். காற்றுக் குறைந்த டயர் அந்த இடத்தில் தட்டையாக அமுங்கிவிடும். நீங்கள் ஹேண்டிலைத் தள்ளும்போது முதலில் ரப்பர்தான் முறுகுகிறது, பைக் அசைவதில்லை. அந்த முறுக்கைத் தாண்டியதும் மொத்தப் பாரமும் ஒரேயடியாகச் சாய்கிறது. நீங்கள் சொல்லும் இறுக்கமும் விழுதலும் இதுதான். பின் டயரில் குறைந்தால் வால் பக்கம் நெளியும், பஞ்சர் ஆனது போலவே இருக்கும். குழியில் இறங்கினால் ரிம் நசுங்கும்.

மழைக்குக் குறைப்பது ஆபத்து. நீங்கள் இறங்கும் வழியிலுள்ள வட்டவளையின் மழையில் தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் பள்ளங்கள். காற்றுக் குறைந்தால் அந்தப் பள்ளங்கள் நெருங்கி மூடிக்கொள்ளும், தண்ணீர் போக வழியிருக்காது.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் குழப்புவது இங்கேதான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், கொழும்பில் அடித்த டயர், காற்றை அளக்கும் மானியில் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும். உண்மைதான். ஆனால் கொழும்பில் 30 பாகை வெப்பம் என்றால் நுவரெலியாவில் விடியற்காலை 12 பாகைதான். அந்தக் குளிரில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அதே 3 பிஎஸ்ஐ குறைந்துவிடும். கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று சரிக்கட்டி, மானி பழைய 36 ஐயே காட்டும். மலையிலிருந்து கீழே போகும்போதும் இதே கணக்குத்தான். ஆகவே உயரத்துக்கென்று காற்றைத் தொடத் தேவையில்லை.

பிறகு ஏன் ஏறி வந்ததும் மானி 40, 41 காட்டுகிறது? ஓடி வந்த சூடு. அந்த நேரத்தில் பெட்ரோல் செட்டில் நிறுத்தினால் "கூடிப் போச்சு" என்று இறக்கிவிடுவார்கள். சூட்டில் 36 ஆக்கிய டயர் மறுநாள் காலையில் 31 அல்லது 32 தான் இருக்கும். சூடான டயரில் யாரையும் காற்றை இறக்க விடாதீர்கள்.

கடை மானிகளையும் நம்ப வேண்டாம். மரக்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை குத்துகிறார்கள். உயிரைத் தாங்குகிற காற்றை அளக்கும் மானிக்கோ கேட்பாரில்லை, கண்ணாடி உடைந்து முள் வளைந்தது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் தரமாட்டார்கள், ஆனால் அந்தப் பரிசோதனையில் டயரை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. சொந்தமாக ஒரு மானி வாங்குங்கள். காலையில் பைக்கை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். மானியை வால்வில் நேராக அழுத்துங்கள்; உஸ் என்று சத்தம் வந்தால் அந்த அளவு செல்லாது, மறுபடி வையுங்கள். கால் பம்பால் 2 பிஎஸ்ஐ கூடவே அடித்து, பிறகு 33, 36 க்கு இறக்குவது சுலபம். வாரம் ஒரு தடவை போதும். வாரத்துக்கு 3 குறைந்தால் வால்வின் வாயில் சவர்க்காரத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் வால்வை மாற்றுங்கள். நைட்ரஜன் என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

தரகர்களின் வேலை ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். விற்கும் நாளில் டயரில் 42 வரை அடித்து வைப்பார்கள். பைக் இறகு மாதிரித் திரும்பும், தேய்ந்த கோன் செட்டும் (ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியின் பேரிங்) தெரியாமல் மறைந்துவிடும். பைக் பார்க்கப் போனால் முதலில் மானியை வையுங்கள், பிறகு ஓட்டிப் பாருங்கள். பாலிஷ் பூசிய டயரின் பளபளப்பில் மயங்காமல் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2317 என்றால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கம் பாருங்கள். அவ்வளவு பழையதென்றால் ரப்பர் இறுகியிருக்கும், குளிரிலும் ஈரத்திலும் பிடிக்காது. எந்தக் காற்றளவும் அதைக் காப்பாற்றாது. உங்கள் டயரிலும் இன்றே பாருங்கள்.

காற்றைச் சரிசெய்து இரண்டு நாள் ஓட்டிய பிறகும் ஹேண்டில் அப்படியே விழுந்தால், முன் டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடுத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் "டக்" என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றால் கோன் செட் போய்விட்டது. அதற்குக் கராஜ் பாஸிடம், அதாவது மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.